நாலாவது பாரமும் பதினோரு பக்க வரவேற்பும்

பத்தொன்பது வயதில் யாருடைய பெயரும் பத்திரிகையில் அச்சாகக் கூடாது. இதற்கு ஒரு சட்டமே போடலாம். அப்படி ஒரு சட்டம் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், ஒரு கல்வி அதிகாரியின் வலது கால் ஷூ காப்பாற்றப்பட்டிருக்கும். நானும் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

என் பெயர் அச்சாகிவிட்டது. மதராஸ் பத்திரிகை ஒன்றின் வாசகர் கடிதப் பகுதியில், கடைசிக் கடிதமாக, ஒரு தைல விளம்பரத்துக்கு மேலே. அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் எங்கள் ஊர்த் தெருவில் நடந்த நடையை, வைஸ்ராய் பார்த்திருந்தால் கொஞ்சம் கற்றுக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் என்றால் தோல் பட்டறைகள், அவற்றைச் சுற்றி வீடுகள், ஒரு மசூதி, ஒரு கோவில், ஒரு சிறிய சர்ச்சு, ஒரு நடுநிலைப் பள்ளி. பள்ளியில் மூன்றாவது பாரம் வரைதான் உண்டு (இப்போதைய எட்டாம் வகுப்பு). அதற்கு மேல் படிக்க வேலூருக்கோ திருப்பத்தூருக்கோ ரயில் ஏற வேண்டும். நான் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தேன். கல்லூரிக்கு அனுப்ப அப்பாவால் முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, யாரும் நியமிக்காமலே மதராஸ் பத்திரிகைக்கு எங்கள் பகுதி நிருபரானேன். வாரம் நான்கு செய்தி அனுப்புவேன். மாதம் ஒன்று வரும், இரண்டு வரி.

அப்பா மாசிலாமணி, காதர் சாயபுவின் பட்டறையில் மேஸ்திரி. பன்னிரண்டு வயதில் அங்கே நுழைந்தவர். ஒரு தோலைக் கையில் வாங்கினால் அந்த ஆடு எந்தத் தாலுக்காவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். படிப்பு இல்லை. ஆனால் படிப்பின் மேல் ஒரு தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதையைத்தான் நான் வெகு நாள் எனக்குரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை ரூத்துக்கு அப்போது பதினான்கு வயது. அந்த வருஷம் மூன்றாவது பாரத்தை வகுப்பில் முதலாவதாக முடித்திருந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அவளுடைய மேல்படிப்பைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"தோ பாரு ரூத்து," என்றார் அப்பா. "நாலாவது பாரம் நம்ம ஊர்ல வந்துச்சுன்னா நீ படி. யார் வோணான்னது? வரலன்னா, உன்னை வேலூருக்கெல்லாம் ரயில் ஏத்தி அனுப்ப என்னால ஆவாது."

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ராணிப்பேட்டையிலேர்ந்து எங்க அண்ணன் ரெண்டு வாட்டி ஆள் அனுப்பிட்டாரு. எவ்ளோ நாளுதான் ஒண்ணும் சொல்லாம இருக்கறது?"

"மாமா பையனுக்குக் கையெழுத்து போடத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் ரூத்.

"ஏன் தெரியாது?"

"அப்போ ஒரு தாள்ல போட்டு அனுப்பச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆக, நாலாவது பாரம் வந்தால் ரூத் பள்ளிக்கூடம் போவாள். வராவிட்டால் ராணிப்பேட்டை போவாள். விஷயம் இவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஜில்லா போர்டிலிருந்து தலைமை ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளியில் நாலாவது பாரம் தொடங்க ஊரார் செய்திருந்த மனு பரிசீலிக்கப்படுகிறது. ஆசிரியர்களை போர்டு தரும். புதுக் கட்டடம் கட்ட இப்போது வழியில்லை. இடத்துக்கு ஊரார் என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்பதைக் கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

தலைமை ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் ஒரு யோசனை சொன்னார். இருக்கிற கட்டடத்திலேயே இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தலாம். காலையில் சின்ன வகுப்புகள், பிற்பகலில் பெரிய வகுப்பு. செலவில்லை. மறுநாளே தொடங்கலாம்.

இந்த யோசனையைத்தான் நான் பத்திரிகையில் கிழித்துத் தொங்கப் போட்டிருந்தேன். 'அரை நாள் பள்ளி அரை மனிதர்களையே உருவாக்கும்' என்பது என் கடிதத்தின் கடைசி வரி. (அந்த வரிக்காக இரண்டு நாள் மொட்டை மாடியில் உலாவினேன்.) ஊருக்கு உயர்நிலைப் பள்ளி என்றால் அதற்கென்று தனிக் கட்டடம் வேண்டும், வாசலில் பெயர்ப்பலகை வேண்டும் என்பது என் கட்சி.

"ஏண்ணா வேணாங்கற?" என்று ரூத் சண்டைக்கு வந்தாள். "காத்தால சின்னப் பசங்க எழுந்து போனப்புறம் அதே பெஞ்சுல நாங்க உக்காந்தா பெஞ்சு இன்னா சொல்லப் போவுது?"

"வேளை மாத்தி வேளை வேலை செய்யறது மில்லுக்கு. படிப்புக்கு இல்ல."

"மில்லுல நூலாவது வருது," என்றாள்.

அவளுக்கு வயது பதினான்கு, எனக்குப் பத்தொன்பது, என் பெயர் அச்சாகியிருந்தது. யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்கள் 'பேப்பர்லயே வந்திருக்கு' என்று தனிக் கட்டடம் தேடக் கிளம்பினார்கள்.

கட்டடம் கொடுத்தவர் காதர் சாயபு. சீமையில் தோலுக்குக் கேட்பாரில்லாத வருஷம் அது. அவருடைய பட்டறையில் தோல் உலர்த்தும் பெரிய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம். இரண்டு பக்கமும் ஜன்னல்கள்.

"பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு இல்லன்னு சொன்னா, நாளைக்கு அல்லாகிட்ட இன்னா பதில் சொல்றது?" என்றார் சாயபு. "மேஸ்திரி, நம்ம கொட்டாயை எடுத்துக்கச் சொல்லு. எவ்ளோ வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும்."

அப்பாவுக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியை அதற்குப் பிறகு ரூத்தின் கல்யாணத்தில்தான் மறுபடி பார்த்தேன். தான் முப்பது வருஷம் வேலை செய்த கொட்டகை, மகள் படிக்கப் போகும் பள்ளிக்கூடம். பத்து நாள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. தோல் தொங்கிய மூங்கில்களை எல்லாம் கழற்றினார். சுவரைச் சுரண்டிவிட்டு மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார். தரையை மெழுகினார். கரும்பலகைக்கு ஒரு தச்சனைக் கூட்டிவந்து, அவன் போன பிறகு தானே ஒருமுறை இழைத்தார்.

"இன்னா கொறை இருக்கு, சொல்லுங்க மொதலாளி?" என்று சாயபுவைக் கூட்டிவந்து காட்டினார்.

சாயபு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கொறை ஒண்ணும் இல்ல மேஸ்திரி. கொஞ்சம் அத்தர் தெளிச்சுடலாம். பெரிய மனுஷன் வர்ற எடம், கமகமன்னு இருக்கணும். ஜாஸ்தியாவே தெளிக்கச் சொல்லு."

தெளித்தார்கள். ஜாஸ்தியாகவே.

எனக்குக் கொடுத்த வேலை வரவேற்புப் பத்திரம். அதிகாரி வந்தால் இங்கிலீஷில் ஒன்று படித்துக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். ஒரு பக்கம் போதும் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். நான் பதினோரு பக்கம் எழுதினேன். ஆற்காட்டு நவாபுகளில் தொடங்கி, கிரேக்க நாட்டில் கல்வி எப்படி இருந்தது என்று விளக்கி (கிரேக்க நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன்), ஐந்தாம் பக்கத்தில்தான் எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், மதராஸ்காரர். வெள்ளைக் கால்சட்டை, கறுப்பு ஷூ, தலைப்பாகை. கூட டவாலி போட்ட பியூன் ஒருவர். அதிகாரிக்கு மாலை போட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, கொட்டகைக்குள் அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தோம். பள்ளியிலிருந்து தூக்கிவந்த பெஞ்சுகளில், நாலாவது பாரத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள். கடைசியில் பின்கதவோரம் தனி முக்காலியில் ரூத். முன்பக்கம் சாயபு, தலைமை ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முன்வாசலை அடைத்து நின்றது. அப்பா உள்ளே வரவில்லை. பின்பக்க முற்றத்தில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கே போய் நின்றுகொண்டார்.

நான் பத்திரத்தைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த பட்டறையில் ஆவாரம்பட்டை இடிக்கத் தொடங்கினார்கள். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். நாலைந்து உலக்கை ஒன்றாக விழும் சத்தம். அதில் என் இங்கிலீஷ் காணாமல் போய்விடும் என்று எனக்குப் பயம்.

"ஜன்னலையெல்லாம் சாத்துங்க," என்றேன்.

இருபக்கமும் எல்லா ஜன்னல்களையும் சாத்தினார்கள். ரூத்திடம் பின்கதவையும் சாத்தச் சொன்னேன். கொட்டகை நிசப்தமாயிற்று. வைகாசி வெயில் ஓட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

முதல் பக்கம் முடிவதற்குள் அதிகாரி நாற்காலியில் நேராக நிமிர்ந்தார். கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில் கண்ணை மூடினார். லயித்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் யோசிக்கும் விதம் இது போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். (பிற்பாடு நானும் இரண்டு முறை எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன்.)

ஐந்தாம் பக்கம், ரயில் ஏற வசதியில்லாத பிள்ளைகளின் நிலையை நான் உருக்கமாக வர்ணித்திருந்த இடம். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். மூக்கை மூடினார், கண்ணில் நீர் கோத்து நின்றது. என் எழுத்து ஒரு மனிதனை அழவைத்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அந்தப் பத்தியை இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

ஆறாம் பக்கத்தில் அவர் கையை உயர்த்தி எதையோ சொல்ல வந்தார். பாராட்டைக் கடைசியில் ஏற்றுக்கொள்வதுதான் பண்பு. புன்னகையோடு கையமர்த்திவிட்டு மேலே படித்தேன்.

ஏழாம் பக்கத்தின் நடுவில் அவர் எழுந்தார். முன்வாசலைப் பார்த்தார். அங்கே கூட்டம். பின்கதவைப் பார்த்தார். அந்த மெலிந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ரூத் சட்டென்று எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். இல்லாவிட்டால் கதவோடு போயிருப்பார். வெளியே போனவர், சுவரைப் பிடித்துக்கொண்டு, மாலை கழுத்தில் ஆட, மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு, தள்ளாடி இரண்டு அடி பின்னால் வைத்தார். இரண்டாவது அடி, தோல் ஊறவைக்கும் பட்டைத் தண்ணீர்க் குழியில் விழுந்தது.

குழி முழங்காலுக்கு மேல் ஆழம். பக்கத்தில் நின்ற அப்பா அவரை இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். கால் வந்தது, ஷூ வரவில்லை. வெள்ளைக் கால்சட்டையின் வலது பக்கம் முட்டிவரை செம்பழுப்பாக மாறியிருந்தது. எங்கள் ஊர்ச் சாயம் நல்ல சாயம், லேசில் போகாது.

"ஐயோ சாமி, இருங்க, சுத்தமான துண்டு எடுத்தாறேன்," என்று அப்பா எங்கள் வீட்டுக்கு ஓடினார். அதிகாரி கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

நான் கையில் பத்திரத்தோடு நின்றிருந்தேன். ஏழாம் பக்கத்தில் எந்த வார்த்தை அவரைப் புண்படுத்தியிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பியூன்தான் என்னையும் ரூத்தையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னா சார் நீங்க? ஸ்டேஷன்ல எறங்கும்போதே ஐயாவுக்கு முடியல. வண்டியில இந்த ஊர் வந்தாலே அத்தினி பேரும் ஜன்னலச் சாத்திக்கறாங்க. நீங்க இன்னாடான்னா அந்த மனுஷனை உள்ள வெச்சு ஜன்னலச் சாத்தறீங்க. அதுல அத்தர் வேற!"

"எதுக்கு ஜன்னல சாத்திக்கறாங்க?" என்றாள் ரூத். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

பியூன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்தம்மா! தோல் நாத்தம்! உங்களுக்குத் தெரியல?"

ரூத் மூச்சை இழுத்துப் பார்த்தாள். நானும் இழுத்தேன். புதுச் சுண்ணாம்பு. கொஞ்சம் அத்தர். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதற்குள் எங்கள் பின்னால் வந்து நின்ற தலைமை ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "நான் வந்த புதுசுல ஒரு மாசம் இருந்தது. அப்புறம் நின்னுபோச்சு. ஊரைச் சுத்தம் பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்."

அப்போது எனக்கு வேலூர்ப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போனால், என் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். செவ்வாய், புதனில் ஒருவன் உட்காருவான். வெள்ளிக்கிழமைக்குள் பெஞ்சு நிறைந்துவிடும். முதல் வருஷம், இது சாதியோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் சாதியாக இருந்தால் வெள்ளிக்கிழமை குறையாது. வாரம் முழுக்க ஒரே அளவில் இருக்கும். ஆகவே, என் இங்கிலீஷுக்குப் பயந்து விலகுகிறார்கள், பழகப் பழக என் குணம் தெரிந்து நெருங்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். மூன்று வருஷம், வாரம் தவறாமல். எதையும் கூர்ந்து கவனிப்பவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டதும் அந்த மூன்று வருஷத்தில்தான்.

இதை யோசித்து முடிப்பதற்குள் அப்பா திரும்பிவிட்டார். கையில் வெளுத்து மடித்த துண்டு. மூச்சு வாங்கியது. நேரே அதிகாரியிடம் போகாமல் எங்களிடம் வந்தார்.

"சாமு, இன்னாடா ஆச்சு அவருக்கு? ரூம்புல எதுனா கொறையா?"

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் அரை மணி நேரம் நின்று, தேங்காய் நாரால் தேய்த்து, தோல் சிவக்கக் குளித்துவிட்டுத்தான் அவர் எங்கள் பக்கத்தில் வருவார். சிறு வயதில் எங்களைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான். பட்டறையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த மனிதர் இப்போது மூன்று முறை சுண்ணாம்பு அடித்த சுவரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் நடந்ததைச் சொல்வது. நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரூம்பு இல்ல நைனா," என்றாள் ரூத். "அண்ணன்தான்."

"சாமுவா? இவன் இன்னா பண்ணான்?"

"பதினோரு பக்கம் எழுதி வெச்சிருந்தான், இங்கிலீஷ்ல. நிறுத்தாம படிச்சான். ஏழாவது பக்கத்துலயே ஐயாவுக்கு வயித்தைப் பெரட்டிக்கிச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நெசமாவாடா?"

என் கையில் பதினோரு பக்கம் இருந்தது. அதில் ஒவ்வொரு வரியையும் நான் நேசித்தேன். ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா நைனா," என்றேன். "கொஞ்சம் நீளமாப் போச்சு."

"அடப் பாவி! வீடு தேடி வந்த மனுஷனை வாயாலயே சாவடிக்கப் பாத்தியேடா!" என்று துண்டாலேயே என் முதுகில் ஒன்று போட்டார். ஆனால் அவர் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். முகத்தில் ரத்தம் திரும்பியதையும் பார்த்தேன்.

நேரே கிணற்றடிக்குப் போனார். துண்டை இரண்டு கையாலும் நீட்டினார். "சாமி, பையன் சின்னவன். தெரியாம நீட்டி எழுதிட்டான். அவன் பண்ண தப்புக்கு என் பொண்ணு படிப்பைக் கெடுத்துடாதீங்க. ரூம்பு நல்ல ரூம்பு சாமி. மூணு வாட்டி சுண்ணாம்பு அடிச்சது."

அதிகாரி துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்ற ரூத்தைப் பார்த்தார். ரூத் அவரைப் பார்த்துத் தலையை மெல்ல, சொல்ல வேண்டாம் என்பதுபோல் ஆட்டினாள். ஒரு பதினான்கு வயதுப் பெண் கல்வி அதிகாரிக்கு உத்தரவு போட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ரூம்பு நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி," என்றார் அதிகாரி. "யாரும் குறை சொல்ல முடியாது. தம்பிதான் கொஞ்சம் சுருக்கமா எழுதியிருக்கலாம்."

"அதான் சாமி நானும் சொன்னேன்!" என்றார் அப்பா. (அவர் சொல்லவில்லை.)

"ஆனா இந்தக் குழி இருக்கே," அதிகாரி தன் காலை நீட்டிக் காட்டினார். "பெரியவன் நானே விழுந்துட்டேன். பிள்ளைங்க ஓடியாடற இடம். குழி பக்கத்துல பள்ளிக்கூடம் வைக்க என்னால அனுமதி தர முடியாது."

அப்பா குழியைப் பார்த்தார். "ஆமாங்க சாமி. அது நியாயம். எனக்குத் தோணாமப் போச்சு." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்போ நாலாவது பாரம்?"

"வேற இடம் இருக்கா?"

"இருக்கு சார்," என்றாள் ரூத். "எங்க ஸ்கூலே இருக்கு. சின்ன கிளாஸை எல்லாம் காத்தால சீக்கிரம் ஆரம்பிச்சா பதினோரு மணிக்கு மேல கட்டடம் சும்மாதான் இருக்கும். மத்தியானம் நாங்க வந்து படிச்சுப்போம்."

"இது நல்ல யோசனையாச்சே. மனுவுல ஏன் இதை எழுதலை?"

"ஹெட்மாஸ்டர் சொன்னாரு சார். அண்ணன்தான் வேணாம்னு பேப்பர்ல எழுதிட்டாரு."

அதிகாரி ஒற்றை ஷூவோடு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அதுவும் நீதானா?" என்றார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ரூத்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். 'திரு. காதர் சாயபு அவர்கள் மனமுவந்து அளித்த இடம் பொருத்தமானதாயினும், அருகில் குழிகள் இருப்பதால், தற்போதைய கட்டடத்திலேயே இரண்டு வேளையாக…' என்று போயிற்று. அப்பா அவளை நிறுத்தி, "அந்தப் பொருத்தமானதுன்னு வருதே, அதை மறுபடி படி," என்றார். படித்தாள். இன்னொரு முறையும் படிக்கச் சொன்னார். சாயபு வீட்டுக்கும் அந்தத் தாளை எடுத்துப் போய்ப் படிக்க வைத்தார்.

ஷூவைக் குழியிலிருந்து எடுத்தவரும் அப்பாதான். ஏற்கெனவே பதனிட்ட தோலை மறுபடி பதனிட்ட கதை அது. வாரக்கணக்கில் நிழலில் வைத்து உலர்த்தி, எண்ணெய் பூசி, பளபளவென்று துடைத்து, ரயில் பார்சலில் அனுப்பிவைத்தார். அதிகாரி பதில் எழுதினார்: நன்றி, நிறம் மட்டும் ஜோடி சேரவில்லை, ஆனால் இடது கால் ஷூ கிழிந்துவிட்டது, இது இன்னும் உழைக்கிறது.

அந்த ஆனி மாதம் எங்கள் ஊரில் நாலாவது பாரம் தொடங்கியது. நான் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தி இரண்டே வரி, முழுவதும் வெளிவந்தது. அதன் பின் மதராஸுக்குப் போய், பத்திரிகை ஆபீசில் பிறர் எழுதியதைச் சுருக்குகிற வேலையில் அமர்ந்து, கல்வியை விரிவாக்குவது பற்றி எத்தனையோ தலையங்கங்களைத் திருத்தினேன். எல்லாவற்றிலும் கட்டடம்தான் முதலில் வரும். எங்கள் ஊரில் கட்டடம் கடைசியில் வந்தது. அதற்குள் ரூத் ஆறாவது பாரத்தை முடித்து, டிரெயினிங் முடித்து, அதே பள்ளியில் பிற்பகல் வகுப்புக்கு ஆசிரியையாகவும் ஆகிவிட்டாள். அவள் படிக்கப் போன வருஷம் வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். அவள் பாடம் நடத்தப் போன வருஷம் ஒரு பெஞ்சு நிறையப் பெண்கள்.

உண்மையை அப்பாவிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சாயபு சொல்லவில்லை, தலைமை ஆசிரியர் சொல்லவில்லை. அன்று கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாருமே, 'சாமுவோட இங்கிலீஷ்' என்றே சொல்லிச் சொல்லி, நாளடைவில் அதையே நம்பவும் தொடங்கினார்கள். ரூத்தின் பிள்ளைகள் அப்படித்தான் கேட்டு வளர்ந்தார்கள். நான் எதையாவது படித்துக் காட்ட ஆரம்பித்தால், கடைசிப் பெண் ஓடிப்போய் முற்றத்துக் கதவைத் திறந்து வைப்பாள். அப்பா காலமாகி இப்போது மூன்று வருஷமாகிறது. எழுதலாம் என்று தோன்றியது அதனால்தான்.

இந்தக் கதையை எல்லாரையும்விட நன்றாகச் சொன்னவர் அவர்தான். எனக்குப் பெண் பார்த்த அன்று சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வீட்டில் விருந்து. அப்பா வழக்கம்போல் கிணற்றடியில் நெடுநேரம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பந்தியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தகப்பனார் மதராஸ்காரர். வந்ததிலிருந்து கைக்குட்டையை மடியிலேயே வைத்திருந்தார். மரியாதைக்கு, "பையன் பத்திரிகையில எழுதறாராமே, நாங்களும் படிக்கணும்," என்றார்.

"வோணாங்க," என்றார் அப்பா, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நல்லா சாப்புடுங்க. இவன் எழுதினதை மட்டும் படிச்சுடாதீங்க. படிச்ச மனுஷன் ஒருத்தர் இந்த ஊருக்கு வந்து, இவன் இங்கிலீஷ் தாங்காம, குழியில போய் விழுந்தாரு. வேற ஒண்ணுத்தாலயும் இல்ல. இவன் இங்கிலீஷ்தான்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அந்த மதராஸ்காரரும் சிரித்து, கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பரிமாறிக்கொண்டிருந்த ரூத் என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் நிமிராமல் சாப்பிட்டேன்.